படகு பாதி நிறையும்வரை

கடந்த ஆண்டு சிறுபோக நெற்செய்கையின்போது நடந்தது இது. ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு கிராமத்தில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்போவதாக அழைப்பு வந்திருந்தது. பத்திரிகைக்குப் பிரதேசச் செய்தி எழுதுவது என் வேலை என்பதால் காலையிலேயே போய்விட்டேன்.

அந்த ஊரில் கிணறுகள் எல்லாம் உவர். பவுசர் வண்டி வரும் நாளில்தான் குடிக்கத் தண்ணீர். ஆகவே நாடா வெட்டுவதற்கு வெகு முன்பே பெண்கள் குடங்களோடும் கான்களோடும் வந்து மர நிழலில் காத்திருந்தார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, உயர்தரத்தில் எந்தப் பிரிவை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த மாணவர்களையும் அழைத்துவந்து கதிரைகளில் இருத்தியிருந்தார்கள். பொறியியல் படிக்கச் சொல்லி அவர்களுக்கு ஓர் உரை நிகழ்ச்சிநிரலில் இருந்தது. பேச வேண்டியவர் நிலையத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர். மூதூரைச் சேர்ந்த இளம் பெண். அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

படம் எடுக்க இடம் தேடிக் கட்டடத்தின் பின்புறம் போனேன். அந்தப் பொறியியலாளரும் நிலையத்தைக் கட்டிய ஒப்பந்தகாரரும் அங்கே நின்றார்கள். பக்கத்தில் ஒரு குழாய், வயலுக்குப் போகும் வாய்க்காலின் மேல் வாயைத் திறந்தபடி நீட்டிக்கொண்டிருந்தது.

நிலையத்தின் இயந்திரம் உவர்த் தண்ணீரை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பங்கு நல்ல தண்ணீர். உப்பெல்லாம் மற்றப் பங்கில் சேர்ந்துவிடும். அந்தக் கழிவுநீரைத் தேக்கி வெயிலில் வற்றவைக்க ஒரு தொட்டி கட்டியிருக்க வேண்டும். தொட்டிக்கு வெட்டிய கிடங்கு பாதியில் கிடந்ததால், கழிவுநீர்க் குழாயை வாய்க்காலுக்குத் திருப்பியிருந்தார்கள்.

“விழா முடியட்டும் மிஸ், அடுத்த கிழமை கட்டித் தாறன்,” என்றார் ஒப்பந்தகாரர். “இண்டைக்கு ஒரு அரை மணித்தியாலம் ஓடினா வயல் செத்துப்போயிடுமோ?”

“அரை மணித்தியாலத்தில நிப்பாட்டுவீங்களோ? வந்து நிக்கிற சனத்தைப் பாருங்கோ. இண்டைக்குத் தொடங்கினா நாளைக்கு ஆர் நிப்பாட்டுறது? ஏலாது. நான் சுவிச்சப் போடமாட்டன்.”

“திறந்துவைக்கச் சேர் வந்துகொண்டிருக்கிறார். உங்கட வேலையையும் யோசியுங்கோ.”

“யோசிச்சுத்தான் சொல்லுறன்.”

இந்தப் பேச்சு முன்னால் காத்திருந்தவர்களின் காதுக்குப் போக நேரம் எடுக்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண் நேரே வந்தார்.

“என்ன மகள், எங்கட வாய்க்குத் தண்ணி தாற நேரத்தில வாய்க்காலைப் பற்றிக் கதைக்கிறீங்க?”

பொறியியலாளர் வாக்குவாதம் செய்யவில்லை. முதல்நாள் இயந்திரத்தைச் சோதித்தபோது போத்தலில் பிடித்துவைத்த கழிவுநீரைக் கொஞ்சம் அவர் கையில் ஊற்றினார். அந்தப் பெண் நாக்கில் வைத்தார், உடனே துப்பினார்.

“சீ, கடல் தண்ணி!”

“கடலளவுக்கு இல்லை அக்கா. ஆனா நெல்லு சாக இது போதும்.”

அந்தப் பெண் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய வயலும் அந்த வாய்க்காலில்தான் பாய்கிறது என்று பிறகு அறிந்தேன். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்ப எங்களுக்கு இண்டைக்கும் தண்ணி இல்லையோ?”

நான் மனதில் தலைப்புக்கூடப் போட்டுவிட்டேன்: திறப்பு விழா இரத்து.

அந்நேரம் வீதியில் ஓர் உழவு இயந்திரம் ஹோர்ன் அடித்தது. விழாவுக்கு வந்த வாகனங்கள் வழியை மறித்திருந்தன. அதன் இழுவைப் பெட்டியில், திருத்தி முடித்த பைபர் படகு ஒன்று கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. பொறியியலாளர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓடினார்.

“அண்ணை, உங்கட போட்டை ஒருக்காத் தாறீங்களோ?”

“எங்க போக?” என்றார் படகுக்காரர்.

“எங்கயும் போக இல்லை. தண்ணி நிரப்ப.”

“தங்கச்சி, உள்ள தண்ணி வரக்கூடாதெண்டுதான் இவ்வளவு நாளும் ஒட்டுப் போட்டனான்!”

கழிவுநீரைப் படகில் பிடித்துக் கடலுக்குக் கொண்டுபோகலாம் என்று விளக்கிச் சொன்னதும், “இதைக் கடலில ஊத்தலாமோ?” என்று படகுக்காரர் கேட்டார். இதைவிடக் கடலில் உப்பு அதிகம் என்றதும் சிரித்துவிட்டார். “சரி, ஒட்டுப் பிடிச்சிருக்கோ எண்டும் பாப்பம்.”

கதிரைகளில் இருந்த மாணவர்களைப் பொறியியலாளர் எழுப்பிக் கூட்டிவந்தார். அளவுநாடாவை அவர்களிடமே கொடுத்தார். படகு எவ்வளவு தண்ணீர் கொள்ளும், பெட்டி எவ்வளவு பாரம் தாங்கும், அப்படியானால் இயந்திரத்தை எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று கேட்டார். ஒரு மாணவன் நீளத்தையும் அகலத்தையும் ஆழத்தையும் பெருக்கத் தொடங்கினான்.

“டேய், இதென்ன சவர்க்காரப் பெட்டியோ?” என்றாள் ஒரு மாணவி. “முன்பக்கம் கூர். உன்ர கணக்கில ஓட்டினா எல்லாருக்கும் உப்புத் தண்ணியில முழுக்குத்தான்.”

பாதிக்கு மேல் நிரப்புவது ஆபத்து என்று அவர்கள் கணக்கிட்டு முடிக்கவும் பிரதம விருந்தினர் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. கதிரைகளில் ஒருவரும் இல்லை. எல்லோரும் படகைச் சுற்றி நின்றார்கள்.

“சேர், படகு பாதி நிறையும்வரைதான் மெஷின் ஓடும்,” என்றார் பொறியியலாளர். “பிறகு தொட்டி கட்டி முடியும்வரை பூட்டித்தான் இருக்கும்.”

விருந்தினரின் முகம் மாறியது. குடத்துக்காரப் பெண் போத்தலை நீட்டினார். “பிள்ளை சொல்லுறது சரி சேர். நீங்களும் ஒருக்கா நக்கிப் பாருங்கோவன்.”

விருந்தினர் நாடாவை வெட்டினார்.

இயந்திரம் ஓடியது. முன்னால் நல்ல தண்ணீர் குடங்களில் விழுந்தது. பின்னால் கழிவுநீர் நீண்ட குழாய் வழியாகப் படகுக்குள் விழுந்தது. ஒட்டு ஒழுகவில்லை. மாணவர்கள் போட்ட கோட்டைத் தண்ணீர் தொட்டதும் பொறியியலாளர் சுவிச்சை அணைத்தார். வரிசையின் கடைசியில் இன்னும் சிலர் வெறுங்குடத்தோடு நின்றார்கள். முணுமுணுப்பு எழுந்து, கொஞ்சம் ஏச்சும் விழுந்தது. அவர் மறுபடி சுவிச்சைப் போடவில்லை; உழவு இயந்திரம் படகோடு கடலை நோக்கிப் போனது.

அடுத்த நாளிலிருந்து அந்தப் பெண்கள் காலையும் மாலையும் கிடங்கடிக்குப் போய் நின்று ஒப்பந்தகாரரை நச்சரித்தார்கள். தொட்டி கட்டி முடிந்தது. நிலையம் இன்றும் இயங்குகிறது, வயலும் பச்சையாகத்தான் இருக்கிறது.

மாணவர்களுக்கான உரை அன்று நடக்கவே இல்லை. ஆனாலும் அந்த மாணவி பொறியியலுக்கு வழியான கணிதப் பிரிவை எடுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். கூடாத ஒன்றை ஏலாது என்று மறுக்கவும், மறுத்த கையோடு எப்படி ஏலும் என்று கண்டுபிடிக்கவும் தெரிந்தவர்கள் எங்கள் கிணறுகளுக்கும் வயல்களுக்கும் தேவை; பொறியியலைப் படிக்க எங்கள் பிள்ளைகளே முன்வர வேண்டும் என்று, அந்தப் படகருகில் நின்ற நாளிலிருந்து கேட்கிற ஒவ்வொருவருக்கும் சொல்லிவருகிறேன்.