மாமி வீட்டுப் பால்

தங்கச்சி பிறப்பதற்கு முன்பே அவளுக்கு மாப்பிள்ளை தயாராக இருந்தார். அப்போது அவருக்கு வயது மூன்று மாதம். உம்மாவின் தம்பியான எங்கள் மாமாவின் மகன். "பொம்புளப்புள்ள கிடைச்சா ஒன்ட மகனுக்குத்தான்" என்று உம்மா மாமியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். சாய்ந்தமருதில் எங்கள் தெருவில் இப்படித்தான் பல சம்பந்தங்கள் தொட்டிலிலேயே பேசி முடிந்துவிடும்.

தங்கச்சி பிறந்து இரண்டு மாதத்தில் உம்மா படுக்கையில் விழுந்தார். இருதய வால்வில் கோளாறு, கொழும்புக்குப் போய் ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். எடுக்கும் மருந்துகளுக்குப் பால் கொடுக்கவும் கூடாதாம். வாப்பா பால்மா வாங்கி வந்தார். தங்கச்சி ஒரு குறையும் சொல்லாமல் அதைக் குடித்தாள். குறை சொன்னது உம்மாதான். மாமிதான் பால் கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இரண்டு காலில் நிற்கவே அவருக்கு மூச்சு வாங்கிய காலம் அது.

மாமி திகைத்துப் போனார்.

"மச்சி, பாலக் குடுத்தா ரெண்டும் சகோதரமாயிடுமே. பிறகு எங்கட சம்பந்தம்?"

"அது போனாப் போகட்டும்."

மருமகளை இழக்க மாமாவுக்கு மனமில்லை. ஒரு வழி கண்டுபிடித்தார். மார்க்கச் சட்டப்படி ஐந்து முறை வயிறாரக் குடித்தால்தான் பால் உறவு. நாலோடு நிறுத்திவிட்டால் உம்மாவின் ஆசையும் தீரும், கலியாணத்துக்கும் தடையில்லை. கதவோரம் நின்ற எனக்கு அதில் விளங்கியது ஒன்றுதான்: ஐந்தாவது முறை குடித்தால் மாமி தங்கச்சிக்கு உம்மா ஆகிவிடுவார். எனக்கு ஒன்பது வயது. கேட்டுக் கேட்டுப் பெற்ற தங்கச்சி. அவளை யாருக்கும் கொடுக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

மாமி வீடு அடுத்த ஒழுங்கையில் இருந்தது. தங்கச்சியைத் தூக்கிப் போவது என் வேலை. "நீயும் அங்கேயே சோத்தத் தின்னுட்டு வா" என்று உம்மா ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். மாமி எனக்கு மீனாணம் ஊற்றிச் சோறு வைத்துவிட்டு, தங்கச்சிக்குப் பால் கொடுத்தபடியே மற்றக் கையால் என் தலையில் பேன் பார்ப்பார். நாலு முறை ஒழுங்காகப் போய் வந்தேன்.

உம்மா ஐந்தாவது முறையும் அனுப்பியபோது, மாமி வீட்டைத் தாண்டிக் கடற்கரைக்கே போய்விட்டேன். கரையேற்றிய தோணியொன்றின் நிழலில் உட்கார்ந்தேன். பசியில் தங்கச்சி வீறிட்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் நானும் சேர்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்து, அவள் குடித்துவிட்டாள் என்றேன்.

உம்மா தங்கச்சியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஏசவில்லை.

"ஏன் மகள் போகல்ல?"

"அஞ்சாந்தரம் குடிச்சா மாமி இவட உம்மாவாயிடுவா."

"ஓம், தெரியும்" என்றார் உம்மா. "போய்க் குடுத்திட்டு வா. நீயும் தின்னுட்டு வா."

எனக்கு உம்மாவின் மேல் அப்படியொரு கோபம். பெற்ற பிள்ளையை இப்படியா தூக்கிக் கொடுப்பது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போனேன். பசியில் அழுத பிள்ளையை மாமி வாங்கிப் பால் கொடுத்தார்; மாமாவின் திட்டம் அன்றோடு பாழாய்ப் போனது.

உம்மா கொழும்பிலிருந்து சுகமாகத் திரும்பினார். அல்ஹம்துலில்லாஹ், இன்றும் மாத்திரைகளோடு எங்களை ஏசிக்கொண்டு இருக்கிறார். போன வருடம் தங்கச்சியின் நிக்காஹ் நடந்தது. வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்றது அந்தப் பழைய மாப்பிள்ளைதான், அவளுடைய அண்ணனாக, காக்காவாக.

எனக்கும் இப்போது இரண்டு பிள்ளைகள். அண்மையில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய், பரிசோதனைக்காக வாங்குப் பலகையில் காத்திருந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை என்று பிறகு சொல்லிவிட்டார்கள். ஆனால் என் பெயரைக் கூப்பிடுவதற்குள், எந்தப் பிள்ளை யார் வீட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று மனம் வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டது. உம்மா செய்தது என்னவென்று அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. தான் திரும்பி வராவிட்டால் தங்கச்சிக்கு ஓர் உம்மா இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார். நான் பால்குடி வயதைத் தாண்டியவள், எனக்கு அந்த வழி இல்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் என்னை அங்கேயே சோறு தின்னச் சொல்லியிருக்கிறார்.