எடுக்காமல் விட்ட பை

மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, விடிந்தும் விடியாத வேளையில், அர்த்தநாரி ரிக் வண்டியேறிச் சத்தீஸ்கருக்குப் போனார். நிலத்தைத் துளைத்துப் போர்க்கிணறு போடும் வேலை. போனால் ஊர் திரும்ப ஏழெட்டு மாதம் ஆகும். அவர் வண்டி ஓமலூரைத் தாண்டியிருந்த நேரத்தில், ஊருக்கு வடக்கே ரோட்டோரத் தோட்டத்து வீட்டில் மயிலம்மாள் கொலையுண்டு கிடப்பதைப் பால் வாங்க வந்தவர் பார்த்தார். கழுத்துச் சங்கிலியும் தோடும் இல்லை. சாமி மாடத்துக்குக் கீழே ஒரு துணிக்கடைப் பை இருந்தது. அதில் இருந்தது அர்த்தநாரியின் வேட்டி, சட்டை.

மூன்று ஆண்டுகளாகியும் கொன்றவர் யாரென்று தெரியவில்லை. அந்தப் பையை என்னவென்று சொல்வது என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. அதில் சிக்கிக்கொண்டவர் அர்த்தநாரியின் மனைவி ஸ்ரீதேவி.

ஸ்ரீதேவியக்கா பிறந்தது ஜலகண்டாபுரத்தில், தறிக்கார வீட்டில். கல்யாணமாகித் திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்த நாளிலிருந்து விசைத்தறிப் பட்டறையில் தறி ஓட்டுகிறார். தறிச் சத்தத்திலேயே இருந்து பழகியதால் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். ஒரே மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கணவர் ஆண்டில் பாதிக்குமேல் வடக்கே இருப்பார். திரும்பி வந்ததும் முதல் நாள் முழுக்கத் தூங்குவார், இரண்டாம் நாள் கோழி அடிப்பார், மூன்றாம் நாள் இருவருக்கும் சண்டை வரும். "சண்ட வந்தாத்தான், சாமி, ஊட்டுக்கு ஆள் வந்த மாதிரி" என்பார் அக்கா.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். நான் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியவள். வெளியே இருந்தபோதே இந்த வழக்கைப் படித்தேன். 'மூடாத கோப்பு' என்று ஒரு யூடியூப் சேனல். தீராத கொலைகளைப் பற்றி வீடியோ போடுவார்கள். பார்ப்பவர்கள் அலசுவதற்கென்று டெலிகிராமில் ஒரு குரூப்பும் இருந்தது. ஒருவர் அதில் செயற்கைக்கோள் படமொன்றைப் போட்டு அர்த்தநாரி வீட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரைந்திருந்தார். வட்டத்துக்குள் எங்கள் வீட்டு ஓடும் தெரிந்தது.

அந்தப் பை ஏன் அங்கே இருந்தது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். வடக்கு நோக்கிப் பயணம் கிளம்பக்கூடாது. ரிக் முதலாளி சூலம் பார்த்து வண்டி எடுப்பதில்லை. அதனால் போகிறவர் முன்னதாகவே, திங்கட்கிழமை நல்ல நேரத்தில், போகிற திசையிலுள்ள ஒரு வீட்டில் தன் துணிப்பையைக் கொண்டுபோய் வைத்துவிடுவார். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பையில் உடுப்பு, விரலி மஞ்சள், வெற்றிலை பாக்கு, ஒரு காசு. கிளம்பும் நாளில் போகிற வழியில் அந்த வீட்டுப் பெண் பையை எடுத்து வந்து கையில் கொடுப்பார். பரஸ்தானம் வைப்பது என்பார்கள். அர்த்தநாரி ஒவ்வொரு தடவையும் மயிலம்மாள் வீட்டில்தான் வைப்பார். மயிலம்மாள் அவருக்குப் பெரியம்மா முறை. ராசியான கைக்காரி என்று பெயர்.

வழக்குத் தொடங்கியதும் போலீஸ் அழைத்தது. அர்த்தநாரி நாக்பூரிலிருந்து தானாகவே ரயிலேறி வந்தார். பல நாள் விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். மறுபடி ரிக்குக்குப் போனவர் அதன்பின் ஊருக்கே வரவில்லை. "எப்பங்க வாரீங்க?" என்று அக்கா கேட்பார். "பாக்கலாம்" என்பார் அவர். அக்கா வேண்டியது ஒன்றுதான். அவர் வீட்டுக்கு வரவேண்டும்.

நான் ஊர் வந்த சமயத்தில் பையின் படம் எப்படியோ குரூப்புக்கு வந்துவிட்டது. அக்கா என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் படித்துக்காட்டச் சொன்னார். படித்தேன்.

"ரிக் ஆளு. தண்ணி வரணும்னு நரபலி. மஞ்சள், காசு, வெத்தலை. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

"வேட்டியப் பாருங்க, மடிப்பு கலையாத புது வேட்டி. இது பூஜைக்கு வெச்சது."

கீழே தீப்பிடிக்கிற படங்களும் கைதட்டுகிற படங்களும் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன.

"வெத்தல பாக்கு வெச்சவன் பூராவும் கொலகாரன்னா, கல்யாணத்துக்குப் போற சனம் அத்தனையும் ஜெயில்லதான் இருக்கோணும்" என்று சிரித்தார் அக்கா. பிறகு சிரிப்பு நின்றது. "எழுது இனியா. பரஸ்தானம்னு எழுது. தெரியாமப் பேசறாங்க. தெரிஞ்சா உட்டுருவாங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சூலம், திங்கட்கிழமை, மஞ்சள் எதற்கு, காசு எதற்கு, எல்லாம். சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். துபாயிலிருந்து ஒருவர், "எங்க அம்மாவும் இப்படி வைப்பாங்க, மறந்தே போச்சு" என்றார். அக்கா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். முகம் தெளிந்திருந்தது.

அடுத்து, நாமக்கல்லில் பிறந்தவன் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் எழுதினார்: "அந்தக்கா சொல்றது நெசம். எங்கப்பாவும் பரஸ்தானம் வெப்பாரு. ஆனா வெச்ச பைய எடுக்காம எவனும் ஊர் எல்லையத் தாண்ட மாட்டான். இந்தாளு ஏன் எடுக்காமப் போனான்? உள்ள என்ன கெடக்குதுன்னு தெரிஞ்சவன்தான் உள்ள போக மாட்டான்."

குரூப் கொதித்தது. அதுவரை மாந்திரீகம் பேசியவர்கள்கூட அதை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். "இத நானும் அவரக் கேட்டேன். அன்னிக்கே, ஓமலூர்ல இருந்து பேசுறப்ப, பைய வாங்கிட்டீங்களான்னு. 'பைய எடுக்கல, பெரீம்மாவக் காணோம், பால் ஊத்தப் போயிருச்சாட்ட இருக்குது, தொண்ட வறளக் கூப்புட்டுப் பாத்தேன்'னாரு. போலீஸ்லயும் அதத்தான் சொன்னாரு."

கிளம்பியவர் வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து தானே பையை எடுக்கவும் கூடாது. அந்த வீட்டுப் பெண் கொடுக்க வேண்டும். வேறு வழியில்லாமல் போயிருக்கிறார். இதையும் எழுதினோம். "இது அவர் சொல்றது. பார்த்தது யார்?" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அதன்பின் அக்காவின் எண் எப்படியோ வெளியே போய்விட்டது. பட்டறையில் இருக்கும்போது அழைப்பு வரும். ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசுவார். "ஏனுங்க, தறி ஓடுது, சத்தமாக் கேளுங்க. கொலையப் பத்திங்களா? நல்லாச் சத்தமாக் கேளுங்க, இங்க எல்லாத்துக்கும் கேக்கட்டும்." ஒரு பெண் அழைத்து, அவரோடு வாழப் பயமாக இல்லையா என்று கேட்டாளாம். "கூட இருந்தாத்தானுங்க பயப்படறதுக்கு?" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று அவர் ஓட்டிய தறியில் இழை அறுந்துகொண்டே இருந்தது என்று பட்டறையில் சொன்னார்கள்.

மயிலம்மாளின் கணவர் மணியனுக்கு எழுபதைத் தாண்டிய வயது. கொலை நடந்தபோது அவர் கண் ஆபரேஷனுக்காகச் சேலத்தில் மகனோடு இருந்தார். ஆனால் திங்கட்கிழமை பை வைத்தபோது வீட்டில் இருந்தவர். அவர் ஒரு வார்த்தை சொல்லி அதைப் படமெடுத்துப் போட்டால் போதும் என்று அக்கா நினைத்தார். என்னையும் அழைத்துக்கொண்டு போனார். மணியன் தொழுவத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். பாதி கேட்கும்போதே கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெச்சத நான் பாத்தேன் அம்மணி. அதப் போலீஸ்லயும் சொல்லிட்டேன். எடுக்க வந்தத ஆரு பாத்தா?"

"அவரு கூப்புட்டாருங்க மாமா. கூப்புட்டுப் பாத்துட்டுத்தான் போனாரு."

"கூப்புட்டானாமா." தட்டுக் கத்தையைக் கீழே போட்டார். "வாசல் வரைக்கும் வந்தவன் உள்ள ஒரு எட்டு வெச்சிருந்தா, என்ற பொண்டாட்டி பொழச்சிருப்பாளோ என்னமோ. விடிஞ்சு கொஞ்ச நேரம் உசுரு இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. போ அம்மணி. உம்மேல எனக்குக் கோவமில்ல."

திரும்பியதும் அக்கா வீட்டுக்குள் நுழையாமல் நேரே பட்டறைக்குப் போய்த் தறியை ஓட்டினார்.

பார்த்தவர் யார் என்று தேடினேன். ரிக் வண்டியோடு கம்பிகள் ஏற்றிய இன்னொரு லாரியும் போகும். அன்று அதை ஓட்டியவர் ராய்ப்பூர்க்காரர். ரிக் ஆபீஸ்களில் கேட்டுக் கேட்டு அவர் எண்ணைப் பிடித்தேன். வடக்கே திரிந்ததில் கற்ற இந்தி அதற்கு உதவியது. மாலை போட்ட ரிக் வண்டி ஊரைவிட்டுக் கிளம்புவதை வீட்டாருக்குக் காட்டுவதற்காகப் படமெடுத்ததாக நினைவு என்றார். பழைய போன் மகளிடம் இருக்கிறது, தேடுகிறேன் என்றார். பல வாரங்கள் கழித்து அது வந்தது.

மாதாந்திர மின்தடை நாள். தறிகள் நின்றிருந்தன. அக்கா வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தோம். முன்னால் ரிக் வண்டியின் பின்புறம், அதில் தொங்கும் மாலை. அர்த்தநாரி இறங்கி மயிலம்மாள் வீட்டு வேலிப் படலை நோக்கி நடக்கிறார். படலைத் தாண்டவில்லை. வாயருகே கையைக் குவிக்கிறார். எஞ்சின் இரைச்சலுக்கு அடியில் "பெரீம்மாவ்" என்று ஒரு குரல். நிற்கிறார். வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். அவர் திரும்பி ஓடிவந்து ஏறிக்கொள்கிறார். அவ்வளவுதான்.

நான் எழுந்து குதிக்காத குறை. "அக்கா, உள்ளயே போகல! இதப் போட்டா எல்லா வாயும் அடைஞ்சிரும்."

அக்கா மறுபடி ஓட விட்டார். மறுபடியும். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒருக்காதான் கூப்புட்டிருக்காரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"தொண்ட வறளன்னு எழுதிக் குடுத்திருக்காரு. போலீஸ்ல, எங்கிட்ட, எல்லாத்துகிட்டயும். இதப் போட்டா, உள்ள போகலன்னு தெரியும். பொய் சொன்னான்னும் தெரியும். எதப் புடிச்சுக்குவாங்கன்னு நெனைக்கற?" போனை என் பக்கம் தள்ளினார்: "மணியன் மாமன் இதப் பாத்தா?"

இன்ஸ்பெக்டரிடம் ஒரு பிரதி கொடுத்தோம். வாங்கி வைத்துக்கொண்டார். குரூப்பில் போட வேண்டாம் என்றார் அக்கா. கணவருக்கு மட்டும் அனுப்பினார், ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அர்த்தநாரி வழக்கம்போலப் போனில் பேசினார். மழை உண்டா என்றார், மகள் வந்தாளா என்றார். வீடியோவைப் பற்றிப் பேச்சே இல்லை. அக்காவும் கேட்கவில்லை. "கேட்டா அப்பறம் போனும் வராமப் போயிரும்" என்றார்.

ஆடி மாதத்தில் அந்தச் சேனல்காரர்கள் காரில் வந்தார்கள். சம்பவத்தை நடித்துக்காட்டிப் படமெடுக்கப் போவதாக முன்பே அறிவித்திருந்தார்கள். அர்த்தநாரியாக நடிக்கக் கைலி கட்டிய ஓர் இளைஞன். மயிலம்மாள் வீட்டுப் படலருகே போய் நின்று, காமிராவைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டான். "பெரியம்மா! பெரியம்மா!" சரியாக வரவில்லை என்று மறுபடி கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டான். நானும் அக்காவும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்றிருந்தோம். அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்திருந்தன. அவன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

கதவு திறந்தது. மணியன் வெளியே வந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படல் வரை நடந்து வந்தார்.

"அவ இல்லீங்க" என்றார். "ஏனுங்க, என்ன வேணும்?"

ஒருவர் காமிராவை இறக்கினார். கார் போன பிறகும் கிழவர் படலைப் பிடித்தபடியே நின்றார். எங்களைப் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அக்கா அவரிடம் போவதற்காக ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு நின்றுவிட்டார்.

அந்தப் படம் வெளிவந்ததா என்று நான் தேடிப் பார்க்கவில்லை. குரூப்பில் வேறு ஊர், வேறு கொலை என்று பேச்சு மாறியது. அக்கா பட்டறைக்குப் போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இன்னும் சுருங்கியது. இரண்டு வாரம் வராமலேயே போனது. அர்த்தநாரி இனி வரமாட்டார் என்று ஊரில் சொல்ல ஆரம்பித்தார்கள். அக்கா அதை மறுப்பதை நிறுத்தியிருந்தார்.

கார்த்திகை பிறந்து சில நாள் கழித்து, வேலியருகே நின்று என்னைக் கூப்பிட்டார். போனை நீட்டினார். அர்த்தநாரி எழுத்தில் அனுப்பியிருந்தார். அவர் எழுதி அனுப்பி நான் பார்த்ததில்லை.

"வீடியோவ தெனமும் பாக்கறேன். ஒருக்காதான் கூப்புட்டிருக்கறேன். ரொம்ப நேரம் நின்னு கூப்புட்டேன்னுதான் இத்தன நாளும் மனசுல இருந்துச்சு. பொய் சொல்லோணும்னு சொல்லல. மணியன் பெரீப்பனுக்கு மொதல்ல நான் நேர்ல காட்டோணும். அவரு என்ன வேணும்னாலும் சொல்லட்டும். அப்பறம் அந்தக் குரூப்புல போட்டுரச் சொல்லு. ரயிலேறிட்டேன். ஊட்டுக்கு வாரேன்."