மலை இறங்கும் நடை

தவமலருக்கு ஆட வராது என்பது அவளுக்கே தெரிந்த சங்கதி. இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக் கோலாட்டத்தில்கூட அவளைச் சேர்க்கமாட்டார்கள். காலை மாற்றி வைத்துவிடுவாள். புவியியல் படிக்கப் பல்கலைக்கழகம் போனவள், இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் நடனப் பயிற்சியில் போய் நின்றதற்கு விடுதி அறைத் தோழி ஸஹ்லாதான் காரணம்.

கொழும்பு நடனக் குழு ஒன்று அந்த வருடம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வாரம் இரண்டு நாள் பயிற்சி நடத்தியது. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் வந்து சொல்லிக் கொடுத்தார்கள். எந்தத் துறை மாணவரும் சேரலாம். ஹட்டன் கடைக்காரர் மகளான ஸஹ்லா, பாட்டுப் போடும் வேலையை ஏற்றிருந்தாள்.

"தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. நீ சும்மா வந்து ஒக்காரு" என்று தவமலரை இழுத்துப் போனாள்.

குழுவை நடத்திய சுதாகரன் யாரையும் சும்மா உட்கார விடவில்லை. மூன்றாவது வாரம், தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஓர் ஆட்டம் என்றார். பெண்கள் கூடையோடு சிரித்தபடி வரிசையாக வந்து, விரல்களை மலர்த்திக் கொழுந்து கிள்ளினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தவமலருக்கு முகம் சுட்டது. தன் வீடு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருக்கிறது என்று ஸஹ்லாவைத் தவிர அங்கே யாரிடமும் அவள் சொன்னதில்லை.

"அப்படி நடக்க மாட்டாங்கண்ணா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"வேற எப்படி நடப்பாங்க?"

தவமலர் எழுந்து நடந்து காட்டப் பார்த்தாள். கொழுந்தெடுக்கும் அம்மாவிடம் பிறந்தது முதல் பார்த்த நடை, கேட்ட நேரத்தில் கண்ணுக்குள் வர மறுத்தது. சுதாகரன் கோபப்படவில்லை.

"போய்ப் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் இதை நிறுத்தி வைக்கலாம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை அவள் ஊருக்குப் போய், அம்மா மீனம்மாவின் பின்னாலேயே தேயிலை மலைக்குப் போனாள். மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு, மூட்டையின் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு மீனம்மா இறங்கினாள். குனிந்தபடி உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலை முன்னே விட்டு மண்ணைத் தடவினாள். அது பிடித்துக்கொண்டது என்று தெரிந்த பிறகே மறு காலை எடுத்தாள். கழுத்து இம்மியும் அசையவில்லை.

"என்னடி, என் காலையே பாத்துக்கிட்டு வர்ற?"

"படிப்புக்கும்மா."

"காலுக்கெல்லாமா படிப்பு வச்சிருக்காங்க?"

அந்த நடையை வைத்துச் சுதாகரன் ஆட்டத்தை மாற்றிக் கட்டினார். கூடைகள் போயின, சிரிப்பும் போனது. கைதேர்ந்த ஆட்டக்காரிகள் தவமலரிடம் அந்த நடையைப் பழகினார்கள். பத்தடி இறங்குவதற்குள் அவர்களுக்குத் தொடை நடுங்கியது. பல்கலைக்கழக மண்டபத்தில் நல்ல கைதட்டல். அடுத்ததாக, ஒரு ஞாயிறு மத்தியானம் தவமலரின் தோட்டத்திலேயே, கோயில் முன்னால் ஆடுவதென்று முடிவானது.

முந்திய நாள் நல்ல மழை. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், முன்னால் நின்ற ஆட்டக்காரி சேற்றில் வழுக்கி விழுந்தாள். ஸஹ்லா பதறிப் பாட்டை நிறுத்தினாள். கூட்டத்தில் சில பெண்கள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பின்வரிசையில் நின்ற தவமலர் யோசிக்கவில்லை. முன்னே வந்து, பக்கவாட்டில் திரும்பி, காலால் மண்ணைத் தடவி, பாட்டில்லாமலே இறங்கத் தொடங்கினாள். விழுந்தவளும் எழுந்து அவள் பின்னால் சேர்ந்துகொண்டாள். சிரிப்பு அடங்கியது.

"அச்சு அசல் நம்ம மீனம்மா மாதிரியே போகுது பாரு புள்ள" என்று யாரோ சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

ஆட்டம் முடிந்ததும், கூட்டத்தில் நின்ற மீனம்மா மகளிடம் வந்தாள். அம்மாவின் கூனலை ஊர் பார்க்க ஆடிக்காட்டிவிட்டோமோ என்று தவமலர் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நான் அவ்வளவு குனிஞ்சா நடக்குறேன்?" என்று கேட்டாள் மீனம்மா.

"ஆமாம்மா."

மீனம்மா மகளின் சேறு படிந்த காலைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் செஞ்ச. ஆனா மூட்டைய எறக்குனதும் ஒரு மூச்சு விடுவோம். அத விட்டுட்ட."

அடுத்த ஊரில் ஆடியபோது அந்த மூச்சையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பட்டம் வாங்கிய தவமலர் இப்போது அந்தக் குழுவிலேயே இருக்கிறாள். மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று பல்கலைக்கழகங்களுக்குப் போய் மாணவர்களைப் பயிற்சிக்குச் சேர்ப்பது அவள் பொறுப்பு. போனில் மீனம்மா, சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு, "இன்னைக்கு எத்தன பேரு வந்தாங்க?" என்றும் கேட்பாள்.