மாலை மாற்றக் கொழும்புக்குப் போனோம்

என் வீட்டுக்காரருக்கு மாசியில் அறுபது முடிந்தது. திருக்கடையூரில் கல்யாணம் பண்ணித்தான் ஆகணும் என்று என் அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். இவரோ சுயமரியாதைக்காரர்; கோயில் வாசல்படியை மிதிக்கமாட்டேன் என்றார். எனக்குச் சடங்கெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு மாலை போதும்.

அது பழைய ஆசை. எங்கள் கல்யாணம் கூலிப் போராட்டம் நடந்த வருஷம். என் அப்பா மிராசுதார். இவர் அப்பா எங்கள் வயலில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் யாரும் வரவில்லை. தலைமை தாங்க வேண்டிய கட்சிக்காரர் பக்கத்து ஊருக்கு வயல் தகராறு பேசப் போனவர், போனவர்தான். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பதிவு ஆபீசில் கையெழுத்து மட்டும் போட்டோம். மாலை வாடிப்போச்சு. அப்புறம் எத்தனை முறை கேட்டாலும், "தலைவர் இல்லாம மாலை மாத்துறதா?" என்பார். "ஐயர் வேணாம்னீங்க, தலைவர் மட்டும் எதுக்கு?" என்று கேட்டால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். என்ன மனுஷனோ!

சண்டையை முடிக்க, மகள் கொழும்புக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். விசாவையும் இணையத்தில் அவளே எடுத்தாள். தாளடி அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பிறகுதான் இவர் நகர்ந்தார். தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து கொழும்பு ஒரு மணி நேரம். நமக்குச் சென்னைதான் தூரம்!

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நகரம் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பஸ்ஸில் போனால் புறக்கோட்டையில் இறக்கிவிடுவார்கள். அங்கே எங்களுக்கு ஆட்டோ ஓட்ட வாய்த்தவர் நஸீர், நாற்பது வயது இருக்கும், நல்ல தமிழ். நகரமண்டபம், அருங்காட்சியகம், பெரிய ஏரி எல்லாம் நிதானமாகக் காட்டினார். மத்தியானச் சாப்பாட்டில் சிவப்பரிசியைப் பார்த்ததும் இவர் ஒரு பருக்கையை நசுக்கி, "எத்தனை மாசப் பயிர்?" என்று பரிமாறியவரை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பாவம், அவர் குழம்பை வைத்துவிட்டு ஓடியேவிட்டார்.

செட்டியார் தெருவில் ஒரு பூக்கடை. நான் நின்றேன். இவர் வழக்கம்போல, "தலைவர்..." என்று இழுத்தார். எனக்கு வந்ததே கோபம்! நஸீரிடம் நேரே கேட்டேன்: "தம்பி, எங்க கல்யாணத்துக்குத் தலைமை தாங்குவீங்களா?"

அவர் இவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "எனக்குப் பேசத் தெரியாதே. ஆனா நிப்பேன்" என்றார். இவர் தானே போய் ரெண்டு ரோஜா மாலை வாங்கிவந்தார்.

கடலோரக் காலிமுகத்திடலில் சாயங்காலக் காற்று ஆளைத் தள்ளுகிறது. ஒரு பக்கம் பட்டம், ஒரு பக்கம் இறால் வடை வாசம். இவர் தொண்டையைச் செருமி, "மதிப்பிற்குரிய தலைவர் நஸீர் அவர்களே!" என்று ஆரம்பித்து, பெண் விடுதலை, கூலி உயர்வு என்று போய்க்கொண்டே இருந்தார். வடைக்காரர் கரண்டியோடு வந்து நின்றுவிட்டார். ஒருவழியாகத் தலைவர் முறை வந்தது. "ரெண்டு பேரும் சண்டை பிடிக்காம இருங்க. அல்லாஹ் காவல்" என்றார். கடவுள் பெயர் வந்ததும் இவர் புருவம் ஏறியது. முழங்கையால் ஒரு இடி கொடுத்தேன், இறங்கிவிட்டது.

மாலையைப் போட்டுவிட்டு, நேராக இருக்கிறதா என்று இவர் ரெண்டு தடவை இழுத்துச் சரிபண்ணினார். நான் அழுதேன், கண்ணில் மணல் விழுந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன்.

போகிறவர்களுக்கு: மாசி, பங்குனியில் மழை குறைவு, வெயில் உண்டு, குடை எடுங்கள். ஆட்டோவில் வாடகை பேசிவிட்டு ஏறுங்கள். மூன்று பகல் தாராளம். தமிழ் பேசியே சமாளித்துவிடலாம்.

திரும்பும்போது மாலையைப் பையில் வைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. பாதி இதழ் உதிர்ந்த மாலையோடு திருச்சியில் பாஸ்போர்ட் வரிசையில் நின்றார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார் விசேஷம்?"

"கல்யாணம்."

"யாருக்கு?"

இவர் என் தோளில் கைபோட்டு முன்னால் இழுத்துவிட்டார். "எங்களுக்குத்தான் தம்பி. முந்தாநாள்தான் ஆச்சு."