அத்தையின் சங்கிலி சம்பாதித்தது

என் மாமா முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எட்டுப் பேர் ஏறும் லிஃப்டுக்குப் பதினாறு பேரைத் தாங்கும் கம்பி போட்டால்கூட அவருக்கு மனசு கேட்காது. வீட்டு வாசல் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள். உள்ளே திருட என்ன இருக்கிறது என்று கேட்டால் கோபம் வரும்.

கல்யாணமான வருடம் அத்தையின் கழுத்துச் சங்கிலியை விற்று, ஒரு பெயின்ட் கம்பெனியில் நூறு பங்கு வாங்கினார். "இதுல வர்ற டிவிடெண்ட் பூரா உனக்குத்தான்" என்று வாய் நிறையச் சொன்னாராம். கம்பெனி லாபத்தில் வருடாவருடம் பங்குக்காரர்களுக்குப் பிரித்துத் தரும் அந்த டிவிடெண்ட் தவறாமல் வந்தது. ஆனால் வந்தது அவருடைய வங்கிக் கணக்குக்கு. அங்கிருந்து பாலுக்கு, கரண்ட் பில்லுக்கு, பிள்ளைகளின் செருப்புக்கு என்று போன இடம் தெரியவில்லை. அத்தையும் கேட்கவில்லை.

முப்பத்தோரு வருடம் கழித்து, ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். "ஆமா, என் சங்கிலி இதுவரைக்கும் எவ்வளவு சம்பாதிச்சிருக்கும்?"

சும்மா கேட்ட கேள்விதான். மாமாவிடம் எதையும் சும்மா கேட்க முடியாது. பழைய பாஸ்புக்குகள் வீடு மாறும்போது போய்விட்டன. ஆனால் கம்பெனி அனுப்பிய ஆண்டறிக்கைகள் கட்டிலுக்கடியில் ஒன்று குறையாமல் இருந்தன. வருடக் கடைசியில் பங்கு என்ன விலை என்று அவரே எழுதிவைத்த டைரிகளும் இருந்தன. மூன்று நாள் சாப்பாட்டு மேசையை விட்டு நகரவில்லை. நான்காம் நாள் காலையில் எனக்கு போன்.

"பேங்க் வரைக்கும் கூட வாம்மா. டெபாசிட்டை உடைக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வட்டியில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. நான் வேலை பார்க்கும் வரி ஆலோசகர் அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

மாமா நோட்டை நீட்டினார். கடைசியில் இரண்டு கோடு போட்டு, ஒன்பது லட்சத்து முப்பதாயிரம் என்று இருந்தது.

"முப்பத்தோரு வருஷமா உன் அத்தை காசைத் தின்னிருக்கேன். திருப்பிக் கொடுத்துடணும்" என்றார். கண் கலங்கியிருந்தது. இந்தக் குற்ற உணர்ச்சியில் மூன்று நாளாகக் காலை டீயை அவரே போட்டு அத்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாராம்.

நான் ஒரு வருடத்துக் கணக்கைத் தொட்டுக் காட்டினேன். டிவிடெண்ட் அறுபது சதவீதம். அதை அந்த வருடத்துப் பங்கு விலையான ஐந்நூறோடு பெருக்கி, பங்குக்கு முந்நூறு என்று எழுதியிருந்தார்.

"மாமா, சதவீதம் மார்க்கெட் விலைக்கு இல்ல. பங்குப் பத்திரத்துல அச்சடிச்ச விலைக்கு. அது வெறும் பத்து. அப்போ பங்குக்கு ஆறுதான்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னோடு உட்கார்ந்து முதலிலிருந்து போட்டார். பதினெட்டாயிரத்து அறுநூறு வந்தது.

"மொத்தமாவா?"

"மொத்தமாத்தான்."

அப்பாடா என்பார் என்று பார்த்தால், முகம் தொங்கிப்போயிற்று. "இவ்வளவுதானா? பாவம், ஆசையாப் போட்டிருந்த சங்கிலிம்மா அது." அவர் தலையில் ஒரு குட்டு வைக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"பங்கு இன்னும் பீரோவுலதானே இருக்கு? என் சங்கிலி எங்கேயும் ஓடிப்போகல. ஆனா அந்தப் பழைய கணக்கை அடிச்சிடாதீங்க. ஒன்பது லட்சமே இருக்கட்டும். தீர்ற வரைக்கும் காலை டீ நீங்கதான்."

"ஒரு டீக்கு எவ்வளவு கழிப்பே?" என்றார் மாமா.

"பத்து. பத்திரத்துல அச்சடிச்ச விலை."

மாமா உடனே பென்சிலை எடுத்தார். பெருக்கினார், வகுத்தார், நிமிர்ந்து பார்த்தார்.

"தினம் ஒரு டீன்னா இருநூத்தம்பத்தஞ்சு வருஷம் ஆகுமே?"

"அதுவரைக்கும் கூட இருங்க" என்றாள் அத்தை.

மாமா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.