மஸ்கட்டுக்குப் போன சிடி

புது "எம்ட்டி சிடி" டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தவுடன் பிளாஸ்டிக்கும் பெயிண்டும் கலந்த ஒரு வாசனை குப்பென்று மேலே வரும். அந்த வாசனைக்காகவே நானும் அப்பாவும் கடைக்காரரை ஓரம் கட்டிவிட்டு டப்பாவுக்குள் மூக்கை நுழைப்போம். நடுவில் ஒரு கம்பி, அதில் வடை வடையாகக் கோத்து வைத்த சிடிகள். ஒன்றை எடுத்துத் திருப்பினால் கடைச் சுவரெல்லாம் வானவில் ஓடும். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. தேரடி வீதியில் கேசட் விற்ற கடைகளெல்லாம் சிடிக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். நான் ஏழாம் வகுப்பு படித்தேன். எங்கள் குடும்பத்துக்கு அப்போது ஒரு நல்ல சிடி வேண்டியிருந்தது, அது கிடைக்காவிட்டால் அம்மா தன் தம்பியையே இழந்துவிடுவாள் போலிருந்தது.

விஷயம் இதுதான். என் தம்பிக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அம்மாவின் ஒரே தம்பி மஸ்கட்டில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. அவருக்குப் பதிலாக அம்மாவின் பெரியப்பா மகன் உட்கார்ந்தார். காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்தபோது அம்மா, "கொஞ்சம் இருங்க" என்று தடுத்து, மாமாவின் பழைய கட்டம் போட்ட சட்டையை அந்த மடியில் விரித்து, "எந்தம்பி மடிமேல உக்கார வைக்கிறேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் பிள்ளையை உட்கார வைத்தாள். ஸ்டூடியோக்காரர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார். ஆனால் விசேஷத்துக்கு வந்த எந்தப் புண்ணியவதியோ மஸ்கட்டுக்குப் போன் போட்டு, "உம்பேரயே எடுக்கல, வேற ஆள வச்சி முடிச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு மாமா போனில் "ம்", "சரி" என்பதற்கு மேல் பேசுவதில்லை. அம்மா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "வாயால சொன்னா நம்ப மாட்டான். கண்ணால பாக்கட்டும்" என்றாள்.

முதல் சிடியை ஸ்டூடியோக்காரரே போட்டுக் கொடுத்தார். வீட்டு பிளேயரில் ஜம்மென்று ஓடியது. அம்மா அதை சாமி அலமாரியில் வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் குழைத்துக் குங்குமப் பொட்டும் வைத்தாள். எங்கள் வீட்டில் அது புதுசில்லை. மிக்ஸி, சைக்கிள், டிவி, அப்பாவின் கால்குலேட்டர் வரைக்கும் பொட்டில்லாமல் எதுவும் உள்ளே வராது. பிறகு கூரியரில் சிடி மஸ்கட் போனது. பத்து நாள் கழித்து மாமா கூப்பிட்டார். "ஒண்ணுமே வரலக்கா. நோ டிஸ்க்குனு காட்டுது." அவ்வளவுதான், வைத்துவிட்டார். அம்மா ரிசீவரைப் பிடித்தபடி நின்றாள். "வேணும்னே காலி தட்ட அனுப்பிட்டேன்னு நெனச்சிருப்பான்" என்று அழுதாள்.

அப்பா கணக்கு வாத்தியார். கேட்டதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "சிடிதான் மட்டம்! நல்ல சிடியா பாத்துப் போடுவோம்" என்று என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் எங்களுக்குக் கடை கடையாக ஏறி இறங்குவதுதான் வேலை, அதைப்போல ஒரு விளையாட்டை நான் அதற்கு முன்னும் பின்னும் ஆடியதில்லை. நீலம், பச்சை, தங்கம் என்று கலர் கலராக இருக்கும். "தங்கக் கலர்தான் நிக்கும் சார்" என்பார் ஒரு கடைக்காரர், "அதெல்லாம் சும்மா, பச்சதான் ஜாஸ்தி நாள் வரும்" என்பார் எதிர்க்கடைக்காரர். அப்பா இரண்டு பேரையும் நம்பாமல் தானே ஒரு சோதனை கண்டுபிடித்தார். சிடியை ரோட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, அதன் வழியாக எங்கள் ஊர் மலையைப் பார்ப்பார். மலை தெரிந்தால் பூச்சு மெலிசு, "கம்மி சரக்கு". தெரியாவிட்டால் நல்ல சரக்கு. ஒரு நாள் அவர் அப்படி நின்றபோது, கிரிவலம் வந்த கும்பல் ஒன்று என்ன விசேஷமோ என்று நின்று, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்பா சிடியை இறக்கவேயில்லை.

மலை தெரியாத சிடியில் போட்டு அனுப்பினோம். அதுவும் வரவில்லை என்றார் மாமா. இந்த முறை குரல் இன்னும் சுருங்கியிருந்தது. உடனே அப்பா செங்கம் ரோட்டுக்குப் பாய்ந்தார். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து போகிற பிரவுசிங் சென்டரில், ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடி டப்பாவில் இருக்கும் சிடி கிடைத்தது. அங்கிருந்த பையனிடம், "மெதுவா ரைட் பண்ணுப்பா, இருக்கிறதிலேயே கம்மி ஸ்பீடுல" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நானோ ஸ்கிரீனில் நகர்கிற பச்சைக் கோட்டை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வந்து முழுசாக ஓட்டிப் பார்த்தோம். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை! கைரேகை படாமல் ஓட்டையில் விரல்விட்டுத் தூக்கி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா சாமிக்கு வைத்தாள், அனுப்பினோம்.

அதுவும் "நோ டிஸ்க்". அதற்குப் பிறகு மாமாவிடமிருந்து போனே வரவில்லை.

சில மாதம் கழித்து லீவில் வந்த மாமா, என் தம்பிக்கு வாங்கி வந்த பொம்மைக்காரைக் கொடுத்தபின், பையிலிருந்து எல்லா சிடிகளையும் எடுத்து அம்மா முன்னால் வைத்தார். "இந்தா, நீயே போட்டுப் பாருக்கா." அப்பா ஒன்றை உருவித் திருப்பினார். அடுத்த நிமிஷம் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பளபளவென்றிருக்கும் பக்கத்தில், ஓட்டையைச் சுற்றி மூன்று மஞ்சள் பொட்டு, அதன்மேல் குங்குமம், காய்ந்து கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லா சிடியிலும் அப்படியே!

"முகம் தெரியிற பக்கம்தானங்க முன்பக்கம்?" என்றாள் அம்மா, பாவமாக. சிடி வழியாக மலையைப் பார்த்த அப்பாவும் பச்சைக் கோட்டைப் பார்த்த நானும், அவள் பொட்டு வைத்த பக்கத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

"பொட்டப் பாத்தியே மாப்ள, தொடச்சிட்டுப் போட வேணாமா?" என்று அப்பா மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "ரூம்ல இருக்கவன் தொடைடான்னுதான் சொன்னான். அதாலதான் வரலன்னு நான் நம்பல. அக்கா சாமிகிட்ட வச்சி பொட்டு வச்சி அனுப்பியிருக்கு, அத எப்டி மாமா தொடைக்கிறது? எனக்குக் கை வரல."

அம்மா எழுந்தாள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து ஒரு சிடியை எடுத்துத் தானே துடைத்தாள். விரலில் ஒட்டிய குங்குமத்தைத் தன் தம்பியின் நெற்றியில் வைத்தாள். சிடியைப் போட்டோம். பிள்ளையின் அழுகை, மேளம், அதற்கு நடுவில் அம்மாவின் குரல், மடியில் விரித்த சட்டை எல்லாம் வரிசையாக வந்தன. "அது என் சட்டைதானக்கா?" என்று கேட்ட மாமா, அதற்குமேல் முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்போது அந்தக் கடைகளில் செல்போன் கவர் தொங்குகிறது. பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் காபிக்கடை. எங்கள் வீட்டில் சிடி போடுகிற எந்தப் பொருளும் மிச்சமில்லை. காது குத்திய தம்பி புதுப் போன் வாங்கினால் அம்மா பொட்டோடு வருவாள், "கேமரா மேல வைக்காதம்மா!" என்று எல்லோரும் கத்துவோம். மாமா ஊரோடு வந்துவிட்டார். துடைத்த சிடி எங்கே போனதென்று எங்களுக்குத் தெரியாது. துடைக்காத இரண்டு மட்டும் அவர் பீரோவில் இருக்கின்றன, பொட்டு அழியாமல்.