கேட்காமல் அச்சான பத்து வரி

செந்தமிழ்ச்செல்வி கல்லூரிக்கு வேதியியல் படிக்கத்தான் வந்தாள். கதை எழுதுவது அவளாகப் பிடித்துக்கொண்ட பழக்கம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், அவள் தெருக் குழாயடியில் ஒரு நீல டிரம்முக்காக இரண்டு பெண்கள் மூன்று வாரம் சண்டை போட்டார்கள். அதை எழுதி மெர்லினிடம் காட்டினாள். மெர்லின் மலைமேல் இருக்கும் கரியாலூர்ப் பெண்; விடுதியில் தங்கி அதே வகுப்பில் படிப்பவள். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, இதை யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டு என்றாள்.

இரண்டாம் ஆண்டில் கல்லூரியில் படைப்பெழுத்து உதவி மையம் திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அவள் டிரம் கதையோடு போனதும் விண்ணப்பத்தை நீட்டினார்கள். அதில் ‘உங்களைப் பற்றிப் பத்து வரி’ என்று ஒரு கட்டம். செல்வி உள்ளதை எழுதினாள். அம்மா அரிசி ஆலைக்குப் போகிறாள், அப்பா மூட்டை தூக்கினார், 2024 ஜூனில் விஷச் சாராயம் குடித்து இறந்துவிட்டார், இப்படி.

மையத்தின் பொறுப்பாளர் பேராசிரியர் இளவரசன். டிரம் கதையில் ‘வூடு’ என்று வந்த இடமெல்லாம் சிவப்பு மையில் ‘வீடு’ என்று திருத்தினார். பிறகு, இது வெறும் தமாஷ், உன்னிடம் பெரிய விஷயம் இருக்கிறது, அப்பாவைப் பற்றி எழுது என்றார். அதற்காக நான் வரவில்லை சார் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

மார்ச்சில் கல்லூரி மலர் வெளிவந்தது. அவளுக்கு முன்னால் அவள் அம்மாவுக்குத்தான் விஷயம் தெரிந்தது. ஆலையில் கூட வேலை செய்பவளின் மகளும் அங்கேதான் படிக்கிறாள். அந்தப் பெண் மலரை எடுத்துவந்து செல்வியின் அம்மாவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அன்று மாலை செல்வி வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“உங்கப்பா தெனமும் குடிச்சாரா? எப்பவோ ஒரு நாள் குடிச்ச மனுசனை ஊரே படிக்கிற மாதிரி எழுதி வச்சிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

முப்பத்திரண்டாம் பக்கம். ‘நஞ்சு’ என்று தலைப்பு, கீழே அவள் பெயர். விண்ணப்பத்தில் எழுதிய பத்து வரியையும் ஒடித்து ஒடித்துக் கவிதையாக்கியிருந்தார்கள். ‘தினம் தினம் நஞ்சருந்திய தந்தை’ என்ற வரி மட்டும் அவள் எழுதாதது. அவள் அப்பாவைத் தந்தை என்று சொன்னதே இல்லை.

மறுநாள் நேராக இளவரசனின் அறைக்குப் போனாள். அவர் சிரித்த முகத்தோடு உட்காரச் சொன்னார். படித்தவர்கள் எல்லாரும் அழுதார்கள் என்றார். கவிதைக்குக் கொஞ்சம் மெருகு வேண்டியிருந்தது, அதனால் ஒரு வரி சேர்த்தேன் என்றார்.

“அழறதுக்கு எங்கப்பாதான் கெடச்சாரா சார்? நான் சிரிக்கிற கத கொண்டாந்தேன். அது உங்களுக்கு வேணாம். நான் கொடுக்காதத மட்டும் எடுத்துக்கினீங்க.”

நல்லது செய்தால் இப்படித்தான் என்று அவர் முணுமுணுத்தார். செல்வி முதல்வர் அறைக்குப் போனாள். கல்லூரிக்குக் கெட்ட பெயர், பெரிதாக்காதே என்று அவர் சமாதானம் பேசினார். அப்படியானால் நாளைக்கு என் அம்மாவைக் கூட்டி வருகிறேன், இதையே அவளிடம் சொல்லுங்கள் என்றாள்.

மலரின் அந்தப் பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்ட ஒப்புக்கொண்டார்கள். ‘தவறுதலாக’ என்று அவர்கள் எழுதியதை அடித்துவிட்டு, ‘மாணவியைக் கேட்காமல்’ என்று அவளே எழுதினாள். ஒட்டுவதற்கு ஆள் இல்லை என்று கைவிரித்தார்கள். மெர்லினும் அவளும் நூலகத்தில் உட்கார்ந்து, மீதியிருந்த நானூறு பிரதிகளிலும் பசை தடவி ஒட்டினார்கள். வெளியே போன பிரதிகள் போனவைதான்.

ஜூலையில் விண்ணப்பத்திலிருந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். பெயரும் வகுப்பும் எழுதினால் போதும். மலைப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் மையத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். மெர்லினும் போனாள். இப்போது யாரும் எதையும் கேட்பதில்லை, நீயும் வா என்று கூப்பிட்டாள்.

“நீ போ. நல்லா எழுது. எனக்கு அந்த ரூம் வாசலப் பார்த்தாலே இன்னும் பத்திக்கினு வருது” என்றாள் செல்வி.